நீல டான்யூப் வால்ட்ஸ்

இரண்டாம் யோஹான் ஷ்ட்ராவுஸ் இயற்றி, பிரஷ்யாவிடம் அடைந்த தோல்வியால் வியன்னா நகரம் வாடியிருந்த வேளையில், 1867 பிப்ரவரி 15 அன்று ஆண்களின் பாடற்குழுவோடு அரங்கேறிப் பின்னர் அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வாத்திய கோஷ்டிக்குரிய வடிவில் பெரும் கீர்த்தி பெற்ற நடன இசை. வயலின்களின் மெல்லிய நடுக்கத்தின் மீது ஹார்ன் வாத்தியம் தயங்கித் தயங்கி எழுப்பும் முன்னுரை, ஏ மேஜர் சுருதியில் ஆறு-எட்டுக் கதியில் நிதானமாக நடக்கிறது; அதன் பிறகே டி மேஜரில் தொடங்கி, மூன்று அட்சர நடையில், ஐந்து வால்ட்ஸ்கள் தொடர்கின்றன. மேஜர் என்பது நம் சங்கராபரணத்தின் ஸ்வர ஸ்தானங்களையே கொண்டதாதலால், இதன் பிரசன்னமான பாவம் நமக்கும் அந்நியமன்று. மூன்று அட்சரங்களில் இரண்டாவதைச் சற்றே முந்தி இசைப்பது வியன்னா சம்பிரதாயம். ஸ்வரக் குறிப்பில் எழுதப்படாத இந்நுட்பமே இந்த இசையின் ஜீவன் என்று துணிந்து சொல்லலாம்.

ஒலிப்பதிவுகளுள், ஹெர்பர்ட் ஃபான் காராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு நிகழ்த்தியது, 1968-இல் ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளித் திரைப்படத்தில் இடம்பெற்றதால் உலகெங்கும் அறியப்பட்டது. அதில் தந்தி வாத்தியங்கள் இடையறாத பட்டிழைபோல் நீள, நடனத்தின் துள்ளலைவிடக் கம்பீரமே மேலோங்குகிறது. இதற்கு மாறாக, 1989-ஆம் ஆண்டு வியன்னாப் புத்தாண்டுக் கச்சேரியில் கார்லோஸ் கிளைபர் நடத்திய பதிவில் கதி கணந்தோறும் நெகிழ்ந்தும் இறுகியும் உற்சாகம் ததும்புகிறது; ஆட விரும்புவோர்க்கு உகந்தது அதுவே.