லீஜியன்

ரோமப் பேரரசின் முதன்மைப் படைப்பிரிவு. ஏறத்தாழ 5,000 காலாட்படையினர் கொண்டது. விதிப்படி ரோமக் குடிமக்களுக்கு மட்டுமே இதில் இடம். ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒன்றாகச் சமைத்து உண்ட எட்டுப் பேர்தான் இதன் மிகச் சிறிய குழு. கூடாரத்தையும் மாவரைக்கும் திரிகையையும் சுமக்க அவர்களுக்கு ஒரு கோவேறு கழுதை. இத்தகைய பத்துக் குழுக்கள் ஒரு செஞ்சுரி (80 பேர்). ஆறு செஞ்சுரிகள் ஒரு கோஹார்ட். பத்துக் கோஹார்ட்டுகள் ஒரு லீஜியன்.

தலைமை வகித்த லெகேட் பொதுவாக செனட் உறுப்பினர். சில ஆண்டுகளில் மாறிப்போவார். படையை உண்மையில் கட்டிக்காத்தவர்கள் செஞ்சுரிகளின் தலைவர்களான செஞ்சுரியன்களே எனலாம். திராட்சைக் கொடிப் பிரம்பு அவர்களது அதிகாரச் சின்னம். லூசிலியஸ் என்ற செஞ்சுரியன், வீரர்களின் முதுகில் அடித்துப் பிரம்பை முறித்துவிட்டு, இன்னொன்று கொண்டா என்பாராம். அதுவே அவருக்குப் பட்டப்பெயராயிற்று. கி.பி. 14இல் பன்னோனியா மாகாணத்தில் கலகம் மூண்டபோது வீரர்கள் அவரைக் கொன்றனர் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

குடியுரிமையற்றோர் துணைப்படைகளில் சேர்ந்தனர். குதிரை வீரர்களும் வில்லாளர்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தனர். 25 ஆண்டுகள் பணியாற்றினால் குடியுரிமை கிடைக்கும். அதைச் சான்றளிக்கும் வெண்கலத் தகடுகள் பல இன்றும் அகழாய்வுகளில் அகப்படுகின்றன.