குளோன் செய்த ஹார்ட் டிஸ்க் ஏன் பூட் ஆவதில்லை? - ஒரு சின்ன வரலாறு

மார்ச் கடைசி வாரம். வருடக் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து சித்தப்பா கடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் 'கர்ர்... கர்ர்...' என்று முனக ஆரம்பித்தது. பி.காம். படிக்கிறவன், கணினியும் கொஞ்சம் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார். புது டிஸ்க் வாங்கி, பழையதை அப்படியே குளோன் செய்து மாட்டினேன். விண்டோஸ் வரவில்லை, பிழைச் செய்திதான் வந்தது! "கணக்கெல்லாம் போச்சாடா?" என்றார் சித்தப்பா. கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருந்தன. பிறகு ஏன் பூட் ஆகவில்லை? தேடிப் படித்தால், விடை 1983-ல் தொடங்குகிறது.

அந்த வருடம்தான் ஐ.பி.எம். நிறுவனம் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கோடு பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. அதற்காக வந்த பி.சி. டாஸ் 2.0, டிஸ்க்கின் முதல் செக்டாரை (512 பைட்) பூட் வேலைக்கென்று ஒதுக்கியது. 446 பைட்டுக்குள் ஒரு குட்டி நிரல், 64 பைட்டில் 4 பார்ட்டிஷன்களின் பட்டியல், கடைசி 2 பைட்டில் ஒரு முத்திரை. இதுதான் எம்.பி.ஆர். இது எந்தப் பார்ட்டிஷனுக்கு உள்ளேயும் இல்லை. அதனால் சி டிரைவை மட்டும் காப்பி செய்தால் இது வராது. பட்டியலில் ஒரு பார்ட்டிஷன் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்படாவிட்டாலும் பூட் ஆகாது.

1995-ல் நியூசிலாந்தின் மர்ரே ஹேசர்ட் 'கோஸ்ட்' மென்பொருளைக் கொண்டுவந்தார். 1998-ல் சிமான்டெக் அதை வாங்கியது. அதன்பின் டிஸ்க்கைக் குளோன் செய்வது அன்றாட வேலையாகிவிட்டது.

ஆனால் அதற்குள் விண்டோஸ் என்.டி. வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 4 பைட்டில் ஓர் அடையாள எண். அதுவும் எம்.பி.ஆருக்குள்தான் இருக்கிறது. எந்த டிரைவுக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் இந்த எண்ணை வைத்தே நினைவில் கொள்கிறது. விஸ்டாவில் இருந்து பூட் பட்டியலும் இதே எண்ணைக் குறித்து வைக்கிறது. குளோன் செய்தால் எண்ணும் சேர்ந்து காப்பியாகும். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கி ஒதுக்கி வைக்கும். நாமாக அதை 'ஆன்லைன்' ஆக்கினால், அதற்குப் புது எண் எழுதிவிடும். பூட் பட்டியலோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்!

எம்.பி.ஆரால் 2 டி.பி.க்கு மேல் கையாள முடியாது என்பது அடுத்த சிக்கல். 1990களின் கடைசியில் இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காக உருவாக்கிய இ.எஃப்.ஐ., பின்னால் யூ.இ.எஃப்.ஐ. ஆனது. அதோடு ஜி.பி.டி. பட்டியல் வந்தது. இதில் பூட் கோப்புகள் தனியாக ஒரு சிறிய பார்ட்டிஷனில் இருக்கும். அதை விட்டுவிட்டு சி டிரைவை மட்டும் குளோன் செய்தால் மறுபடியும் அதே கதைதான்.

சித்தப்பா கணினி எம்.பி.ஆர். வகை. கோப்புகள் வந்துவிட்டனவா என்று பார்க்க, குளோன் முடிந்ததும் புது டிஸ்க்கை நானே ஆர்வக்கோளாறில் 'ஆன்லைன்' கொடுத்திருந்தேன். தப்பு அங்கேதான்! பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் பூட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் பட்டியலைப் புதிதாக எழுத வைத்தேன். ஐந்தே நிமிடம். கணினி எழுந்துவிட்டது, கணக்கும் ஒரு பைசா குறையாமல் இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். பிறகு பயாஸில் பூட் முறை பழைய டிஸ்க்குக்கு இருந்ததுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகே பூட் பட்டியலைச் சரிசெய்யுங்கள். புதியது நன்றாக ஓடும்வரை பழைய டிஸ்க்கை மட்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். அன்று சித்தப்பா அவசரப்பட்டபோது நான் தடுத்த ஒரே காரியம் அதுதான்.