தமுலஸ்: ஒரு தேளும் இரத்தக்குழாயின் வாசல்களும்

செந்தேளுக்கு விலங்கியலார் வைத்த பெயரில் நாம் இருக்கிறோம். 1798இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் அதற்கு இட்ட பெயர் 'தமுலஸ்', தமிழ் என்பதன் லத்தீன் உருவம். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது. நம்மைப் பற்றிய ஐரோப்பிய அறிவில் நம் மொழி ஒரு பூச்சியின் வாலில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு அது ஒரு மாதிரிப்பொருள். கடி வாங்கிய உடல்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை.

திண்டிவனம், வானூர் பக்கம் கொட்டு வாங்குவது யார் என்று கேட்டாலே சமூகவியல் வந்துவிடும். மல்லாட்டைக் கொடி புரட்டுபவர், செங்கல் அடுக்குபவர், கல்குவாரியில் வெறுங்காலோடு நிற்பவர், கூரை வீட்டில் தரையில் படுத்த குழந்தை. பெரிய கருந்தேளைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயப்படுவார்கள். ஆளைக் கொல்வது சின்னதாய் இருக்கிற செந்தேள்.

கொட்டியபின் உடம்புக்குள் நடப்பது இது. விஷம் நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. நரம்புமுனைகளும் அட்ரீனல் சுரப்பியும் நார்அட்ரீனலினையும் அட்ரீனலினையும் கொட்டித் தீர்க்கின்றன. இரத்தக்குழாய்ச் சுவரின் தசையில் ஆல்ஃபா ஏற்பிகள் என்ற வாசல்கள் இருக்கின்றன. ஹார்மோன் அங்கே பொருந்தியதும் குழாய் சுருங்குகிறது. கை கால் சில்லிட்டுப்போகும், வேர்த்துக்கொட்டும், ரத்த அழுத்தம் ஏறும். இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். ஆக, ஆளைக் கொல்வது தேளின் சரக்கு மட்டுமல்ல, சொந்த உடம்பின் ஹார்மோனும்தான்.

ஆல்ஃபா, பீட்டா என்று ஏற்பிகளை 1948இல் பிரித்தவர் அமெரிக்காவின் ஆல்குவிஸ்ட். அவர் கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை நிராகரித்தது. பிற்பாடு தெரியவந்த சங்கதி இன்னும் சுவையானது. ஏற்பிகளின் எண்ணிக்கை நிலையானதல்ல. ஹார்மோன் இடைவிடாமல் தட்டினால் செல் சில வாசல்களைச் செயலிழக்கச் செய்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு கொடுத்தால் புதிய ஆல்ஃபா ஏற்பிகளைச் செய்யத் தூண்டும், குழாய் இன்னும் கூர்மையாகச் சுருங்கும். நம்மூரில் தேள்கடிக்கு வழக்கமாய்ப் போட்ட ஊசி எது? ஸ்டீராய்டுதான்!

மந்திரிப்பவரைக் கேலி செய்கிற நம் பகுத்தறிவு இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். பெரும்பாலான கொட்டுகள் வலியோடு முடிந்துவிடும். அந்தக் கணக்கில்தான் திருநீறும் பேர் வாங்கியது, ஊசியும் பேர் வாங்கியது. செத்தவர் மட்டும் விதியின் கணக்கில்.

இந்தக் கணக்கை மாற்றியவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 1976இல் மகாராஷ்டிரத்தில் மஹாட் அருகே பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மருத்துவர். கொட்டு வாங்கியவர்களின் பக்கத்திலேயே இருந்து நாடி, அழுத்தம், வேர்வை என்று எழுதிவைத்தார். 1982இல் அந்தக் குறிகள் 'லான்செட்' இதழில் வந்தன. ரத்தக்கொதிப்புக்கென்று கடையில் கிடைத்த பிரசோசின் ஆல்ஃபா வாசலை அடைக்கும் மாத்திரை. அதை அவர் கொடுத்துப்பார்த்த செய்தி 1986இல் அதே இதழில். மேற்கு இந்தியாவில் அதற்கு முன் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் செத்தார்கள் என்றும், பிரசோசின் வந்தபின் அது ஒன்றுக்கும் கீழே போனது என்றும் அவர் எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அங்கே கிடையாது. ஒரு ரத்த அழுத்தமானி, ஒரு கட்டில், தூங்காத ஒரு மனிதர். விளிம்பிலிருந்து அறிவு பிறக்காது என்று நினைக்கிற நம் பல்கலைக்கழகத்தார் இதை எந்தப் பெட்டியில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரம் ஜனங்கள் முடியாத கட்டத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிற புதுச்சேரி ஜிப்மரிலும் குழந்தை மருத்துவர்கள் இதே மாத்திரையோடு தேள்கடியை எதிர்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை உண்டு: முதல் மாத்திரைக்குப்பின் நோயாளியை எழுந்து நிற்கவிடக்கூடாது, அழுத்தம் சட்டென்று விழும். குழந்தையைத் தோளில் தூக்கிப் பஸ் ஏறும் தாய்க்கு இதை யாராவது சொல்லியனுப்ப வேண்டும்.

2011இல் மஹாட்டிலிருந்தே இன்னொரு சோதனை, 70 பேரிடம். தேள்விஷமுறிவு மருந்தையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 10 மணி நேரத்தில் முழுக்கத் தேறியவர்கள் நூற்றுக்கு 91 பேர், பிரசோசின் மட்டும் பெற்றவர்களில் 23 பேர். தன் மாத்திரை மட்டும் போதாது என்பதை அவரே அளந்து அச்சில் போட்டார்.