அக்கி எழுதிய கை

"அக்கி எழுதிட்டு வா" என்றால் இன்றைய பேரப்பிள்ளைகள் பேனாவைத் தேடுவார்கள். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உடம்பின் ஒரு பக்கம் சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்பி, நெருப்பாய் எரிந்தால் நேரே குயவர் வீட்டுக்குத்தான் போவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலேயே 'அக்கியெழுது' என்ற சொல் ஏறியிருக்கிறது. அவ்வளவு பரவலான வைத்தியம் அது.

எங்கள் ஊரில் வேளார் ஒருவர் எழுதுவார். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு இழைத்து, கோழி இறகால் தொட்டுக் கொப்புளத்தின் மேல் பூசி, பக்கத்தில் ஒரு சிங்கம் வரைவார். சிங்கம் அக்கியை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. மூன்று நாள் எழுத வேண்டும். காசு கேட்க மாட்டார். வெற்றிலை பாக்கோடு கொடுத்ததை வாங்கிக்கொள்வார். வீட்டில் பாட்டி அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்து வைத்திருப்பார். காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் வரும் கொப்புளத்துக்கு மட்டும் வெண்ணெயோடு சரி.

அந்த உதட்டுக் கொப்புளமும் அக்கியும் உறவுக்காரர்கள்தான். இரண்டுக்கும் காரணம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்கள். அக்கியைக் கொண்டுவருவது சின்னம்மை வைரஸ். சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகும் அது நரம்பின் வேரில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த நரம்பு வழியாகவே வெளியே வரும். இதை 1965-ல் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஹோப்-சிம்ப்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர். பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர் அல்ல. தன் ஊர் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறித்துவைத்த சாதாரண டாக்டர்.

"அக்கி இடுப்பைச் சுற்றித் தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் பிழைக்கமாட்டான்" என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் அது சேர்வதே இல்லை. ஒரு பக்கத்து நரம்போடு போவதால் உடம்பின் நடுக்கோட்டிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் காவி பலித்ததா? அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே ஆறும். காவி எரிச்சலைத் தணித்தது, நீர் கோத்த கொப்புளத்தை உலர்த்தியது. டாக்டர் எழுதித்தரும் காலமின் லோஷன் செய்வதும் அதைத்தான். அந்த லோஷனின் இளஞ்சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதில் கலந்த இரும்பு ஆக்ஸைடிலிருந்து. காவிக்கல்லின் சிவப்பும் அதே இரும்புதான்!

ஆனால் வைரஸைத் தடுக்கும் சக்தி இரண்டுக்கும் கிடையாது. என் பெரியப்பாவுக்கு 1960-களில் நெற்றியில் அக்கி கண்டு மூக்கு நுனிவரை இறங்கியது. வேளார் மூன்று நாளும் எழுதினார். புண் ஆறியது, ஒரு கண் பார்வை போயிற்று. ஊரில் சிலர் வேளாரைக் குறை சொன்னார்கள். அது நியாயமில்லை. அன்றைக்கு அவரிடம் இல்லாத மருந்து எந்தப் பெரியாஸ்பத்திரியிலும் இல்லை.

அந்த மருந்தான அசைக்ளோவிர் 1980-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த ஜெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி, மருந்து ஆராய்ச்சிக்காக 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். நாம் அக்கி எழுதக் கணக்கு வைத்த அதே மூன்று நாள்!

இன்று 50 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் நம் நாட்டில் கிடைக்கிறது; போடலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். காவி பூச ஆசையிருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நெற்றியிலோ மூக்கிலோ கண்ணருகிலோ கொப்புளம் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.