பரஸ்பரக் கற்பித்தல்

நடுநிலை வகுப்புகளில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைப் பழக்கும் முறை. அமெரிக்காவில் பணியாற்றிய கல்வி உளவியலாளர்கள் ஆன்மேரி பாலின்சர், ஆன் பிரவுன் உருவாக்கியது. 1984இல் வெளியான அவர்களது ஆய்வு ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் ஓரளவு சரளமாக வாசிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். எந்த ஊர் ஆசிரியருக்கும் பழக்கமான காட்சிதான்.

சிறு குழு ஒரு பத்தியை வாசித்ததும் ஒரு மாணவர் ஆசிரியர் இடத்தை ஏற்கிறார். பத்தியிலிருந்து கேள்வி கேட்கிறார், சாரத்தைச் சொல்கிறார், விளங்காத இடத்தைத் தெளிவாக்குகிறார், அடுத்து வரப்போவதை ஊகிக்கிறார். அடுத்த பத்திக்கு இன்னொருவர். தொடக்கத்தில் பலருக்குக் கேள்வியே அமையாது. பத்தியின் வரியையே திருப்பிச் சொல்வார்கள். அப்போது ஆசிரியர் தாமே ஒரு கேள்வி கேட்டுக் காட்டுவார். பிள்ளைகள் பழகப் பழக மெல்ல ஒதுங்கிக்கொள்வார். முறையின் உயிர் இந்த ஒதுங்கலில்தான் இருக்கிறது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் சிந்தனை இதற்கு அடிப்படை.

கல்வி ஆய்வாளர்கள் ரோசன்ஷைன், மைஸ்டர் இருவரும் 1994இல் இம்முறை பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் முன்னேற்றம் பெரிதாகவும், தரப்படுத்திய பொதுத் தேர்வுகளில் குறைவாகவும் இருந்தது.