மண்ணுளியும் கண்ணாடி விரியனும்: ஒரு பாட்டில் கதை

"கடிச்சது மண்ணுளிப் பாம்புதான் டாக்டர், விஷம் கிடையாதுன்னாங்க. அதான் விடிஞ்சதும் வரலாம்னு இருந்துட்டோம்."

சம்பா அறுவடை சமயம். சிதம்பரம் பக்கத்துல ஒரு கிராமத்துக்காரர். கால் தொடை வரைக்கும் வீங்கியிருந்தது. கண்ணாடி டியூபில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சோம். உறையவே இல்லை. கடிச்சது கண்ணாடி விரியன்!

இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறதுதான் மக்களே. நம்மூர்ல மண்ணுளி ரெண்டு வகை. ஒண்ணு ஒரே நிறமா, வழவழன்னு, வால் மொட்டையா இருக்கும். இருதலை மணியன்னு சொல்றது இதைத்தான். (இது நக்கினா தோல் வியாதி வரும்னு சொல்றது சுத்தப் பொய்.) இன்னொண்ணு உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு உள்ளது. விரியனோட மாத்திப் பார்க்கிறது இதை.

இந்த மூணுக்கும் அறிவியல் பெயர் கிடைச்சது 1797-க்கும் 1801-க்கும் இடையில. அந்தக் கதையில பாதி நம்ம கடற்கரையில நடந்தது.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியா போனா தரங்கம்பாடி. அப்போ டென்மார்க்காரங்க ஊர். 1771-ல அங்க வந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1813-ல சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். நம்ம கடல் மீன்களைச் சேகரிச்சு பெர்லினுக்கு அனுப்புவார். வாங்கினவர் மார்க்கஸ் ப்ளாக், தொழில் நம்மள மாதிரி வைத்தியம்! 1793-ல ஒரு மீனுக்கு அவர் வச்ச பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. முன்பாதி ஜான். பின்பாதி? கருத்த கத்தலை! கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்ல கேட்கிற அதே தமிழ்தான்.

இதே காலத்துல விசாகப்பட்டினத்துல இன்னொரு டாக்டர், பேட்ரிக் ரஸ்ஸல். கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்க விட்டு, எது விஷப்பாம்பு, எது இல்லைன்னு எழுதி வச்சார். (இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதிக்காது.) 1796-ல சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றி அவர் புத்தகம் வந்தது. அடுத்த வருஷமே கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரை வச்சாங்க. 1801-ல தரங்கம்பாடியில கிடைச்ச இருதலை மணியனுக்கு ரஸ்ஸல் வச்ச பெயர் ஜான் பெயர். திட்டு மண்ணுளிக்கும் அதே வருஷம் ஷ்னைடர்ங்கிற ஜெர்மன்காரர் பெயர் வச்சார்.

நம்ம வீட்டு வாசல்ல உட்கார்ற சாதாரண தேரைக்கும் பெயர் வச்சது அவர்தான், 1799-ல. ப்ளாக் சேகரிப்பிலிருந்த உடலைப் பார்த்து வச்சது. ப்ளாக் இறந்ததுக்கப்புறம் அந்தச் சேகரிப்பு பெர்லின் பல்கலைக்கழக மியூசியத்துக்குப் போச்சு. இப்போ அது பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

செத்த தவளையையும் பாம்பையும் ஸ்பிரிட்டுல போட்டு இருநூறு வருஷம் எதுக்குக் காப்பாத்தணும்?

ஒரு பெயர் எந்த உடலைப் பார்த்து வச்சதோ, அதுதான் அந்தப் பெயரோட ஆதாரம். பத்திரத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி. இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரைக்கும் ஒரே தேரைன்னு நினைச்சோம். டி.என்.ஏ. பார்த்தா ஒரே இனம் இல்லை. அப்போ பழைய பெயர் யாருக்குச் சேரும்? மூலப்பத்திரத்தைத்தான் எடுக்கணும்.

தேரை விஷயத்துல இது பெயர்ச் சண்டை. விரியன்ல உயிர் விஷயம். மியான்மர், தாய்லாந்து விரியனையும் நம்ம விரியனோட ஒரே இனமாத்தான் வச்சிருந்தாங்க. 2007-ல அது தனி இனம்னு பிரிச்சாங்க. விஷமுறிவு மருந்து எந்தப் பாம்போட விஷத்தில் தயாரானதோ அதுக்குத்தான் நல்லா வேலை செய்யும். நம்ம மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி சென்னை பக்கம் வடநெம்மேலியில இருளர்கள் எடுத்துக் கொடுக்கிறது. ஒரே இனத்துலயே ஊருக்கு ஊர் விஷம் மாறும். அதனால எந்த ஊர், என்ன தேதின்னு லேபிள் இருக்கிற பாட்டில் எனக்குப் பழைய சரக்கு இல்லை.

நம்ம ஆளு பிழைச்சுட்டார். சிறுநீரகம் தேற ரெண்டு வாரம் ஆச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கும், "மண்ணுளி மாதிரியேதான் சார் இருந்துச்சு"ன்னார். ஆமாங்க, அப்படித்தான் இருக்கும். கடிச்சதை அடிச்சுப் பையில போட்டு எடுத்துட்டு வர வேண்டாம். முடிஞ்சா தள்ளி நின்னு ஒரு போட்டோ. இல்லைன்னாலும் பரவாயில்லை, அந்த 20 நிமிஷ டெஸ்ட் எங்ககிட்ட இருக்கு. ராத்திரியே கிளம்பி வாங்க.