யாருக்குப் பதில் சொல்லும் இருக்கை? ருவாண்டாவின் மகளிர் இட ஒதுக்கீடு

2008 செப்டம்பர் தேர்தலில் ருவாண்டா நாடாளுமன்றக் கீழவையின் 80 இடங்களுள் 45 பெண்களுக்குக் கிடைத்தன. பெண்கள் பெரும்பான்மை பெற்ற தேசிய அவை உலகில் அதுவே முதலாவது. 2013இலும் 2024இலும் அந்த எண்ணிக்கை 51. பாலினச் சமத்துவத்தின் சிகரம் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. அதிபர் பால் ககாமே ஆட்சியின் அலங்காரம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்பினரும் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். இருக்கையில் அமர்ந்தவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே ஒதுக்கீட்டின் பயனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முடிவெடுக்கும் அமைப்புகளில் பெண்கள் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது 2003ஆம் ஆண்டு அரசமைப்பு. கீழவையின் 53 உறுப்பினர்களைப் பொதுமக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மகளிர்க்குரிய 24 இடங்களுக்கு உள்ளாட்சி மன்றத்தினரும் மகளிர் மன்ற நிர்வாகிகளுமே வாக்களிக்கின்றனர். எஞ்சிய மூன்றில் இரண்டு இளைஞருக்கும் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை. 2008இல் வென்ற 45 பெண்களுள் 21 பேர் அந்த 24 இடங்களுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஒதுக்கீடு அங்கே உச்சவரம்பாகிவிடவில்லை. ஆயினும் நேரடித் தேர்தலுக்குரிய 53 இடங்களுள் 42ஐ ககாமேயின் ருவாண்டா தேசபக்த முன்னணியின் கூட்டணியே கைப்பற்றியது. கட்சியின் வேட்பாளர் பட்டியலில் யார் பெயர் இடம்பெறும் என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்தது.

இரு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1994 இனப்படுகொலையில் கணவனைப் பறிகொடுத்த பெண், தான் உழுத நிலத்திலேயே உரிமையற்றவளாக நின்றாள். நிலம் கணவன் வழியினருக்கே என்றது வழக்காறு. பிறந்த வீட்டிலோ மகளுக்குப் பங்கில்லை. 1999 வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்தது. அப்போது இடைக்கால அவையில் பெண்கள் சிறுபான்மையினர். 1996இல் உருவான பெண் உறுப்பினர்கள் மன்றமும் மகளிர் அமைப்புகளும் கைகோத்து உழைத்தன, அரசும் இசைந்தது.

பத்தாண்டுகள் கழித்து, பெண்களே பெரும்பான்மையாக இருந்த அவை 2009 தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. 12 வார மகப்பேறு விடுப்பில் முழு ஊதியம் 6 வாரத்துக்கு மட்டுமே என்றது அச்சட்டம். ஏழாம் வாரத்தில் தாய் பணிக்குத் திரும்ப வேண்டும்; இல்லையேல் ஊதியத்தில் 20 விழுக்காடே கிடைக்கும். காப்பீட்டுத் திட்டத்தின் வழியே 12 வாரத்துக்கும் முழு ஊதியம் என்றானது 2016இல்தான். சிறுபான்மையாக இருந்தபோது பெற முடிந்ததைப் போன்ற ஒன்றைப் பெரும்பான்மையாக இருந்தபோது பெற முடியவில்லை. அவைக்கு வெளியே திரண்ட மகளிர் இயக்கமும் ஆட்சியாளரின் விருப்பமும் ஒன்றுபட்டபோது சட்டம் பிறந்தது. இவ்விரண்டும் வேறுபட்டபோது எண்ணிக்கை மட்டும் துணை நிற்கவில்லை.

பெண் என்பதாலேயே ஒருவர் பெண்களின் பிரதிநிதி ஆகிவிடுவதில்லை என்பதை ருவாண்டா மிகக் கொடிய விலை கொடுத்து அறிந்தது. இனப்படுகொலைக் காலத்தில் குடும்ப, மகளிர் நலத்துறை அமைச்சராயிருந்த போலின் நிராமசுஹுகோ, இனப்படுகொலைக்காகவும் பாலியல் வன்கொடுமைக்காகவும் 2011இல் அருஷாவில் இயங்கிய ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டார். மறுபுறம், ஆட்சியை எதிர்த்துப் பேசிய விக்டுவார் இங்காபிரே சிறை சென்றார். டயான் ருவிகாராவின் வேட்புமனு 2017 அதிபர் தேர்தலில் ஏற்கப்படவில்லை. ஒதுக்கீடு திறந்த வாசல் உடன்படுவோருக்கே அகலமாக இருந்தது.

இதனால் ஒதுக்கீடு வேண்டாம் என்பது பொருளன்று. அது இல்லையேல் அந்த 24 பேர் அவைக்குள் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1999 சட்டம் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மனைவியரை மட்டுமே காத்தது. பதிவின்றி வாழ்ந்த பெண்கள் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். அப்படி நிற்கும் ஒருத்தி தன் ஊர் மகளிர் மன்றத்தின் வழியே அந்த 24 பேரைக் கேள்வி கேட்க முடிகிறதா என்பதை வைத்தே ஒதுக்கீட்டை நாம் மதிப்பிட வேண்டும்.